வழியில்தானே இருக்கிறது: ஒரு வாடகைக் கார்ப் பயணத்தின் மறைந்த கணக்கு

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வதற்காக அமர்த்தப்படும் வாடகைக் கார், இன்று பெரும்பாலும் அந்த ஒரு வேலைக்காக மட்டும் அமர்த்தப்படுவதில்லை. எப்படியும் நான்கைந்து மணி நேரம் வண்டியில் கழியப்போகிறது. வழியில் இருக்கும் இரண்டு மூன்று இடங்களையும் பார்த்துவிட்டால் பயண நாள் வீணாகாது என்பது பொதுவான எண்ணம். கருத்தரங்குக்குச் செல்லும் பேராசிரியர்கள், களப்பணிக்குச் செல்லும் ஆய்வு மாணவர்கள், பெற்றோரை அழைத்துக்கொண்டு வடஇந்தியா செல்லும் குடும்பத்தினர் என எல்லோரிடமும் இவ்வெண்ணம் உண்டு. எண்ணம் தவறன்று. புகைவண்டியோ விமானமோ தராத ஒரு வாய்ப்பை, விரும்பிய இடத்தில் நிற்கும் வாய்ப்பை, கார் தருகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வது இயல்பு.

ஆயினும் இந்தத் திட்டமிடலில் ஒரு சொல் தணிக்கையின்றி நுழைந்துவிடுகிறது. ‘வழியில்தானே இருக்கிறது’ என்பதே அது. வழியில் இருப்பது செலவற்றது என்ற பொருளில் இது ஆளப்படுகிறது. உண்மையில் எந்த நிறுத்தமும் செலவற்றதன்று. அச்செலவு வாடகைச் சீட்டில் எழுதப்படுவதில்லை என்பதே வேறுபாடு. அதன் ஒரு பகுதியை ஓட்டுநர் தம் உறக்கத்திலிருந்து செலுத்துகிறார். மற்றொரு பகுதி, பார்க்கப்படும் இடத்திற்குக் கிடைக்காமற்போகும் கவனமாகக் கழிகிறது. பயண நாளைச் சுற்றுலா நாளாக்க விரும்புவோர் இவ்விரு செலவுகளையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டால், பட்டியல் தானே சுருங்கும். நாளும் செம்மையாக அமையும்.

இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூருக்குச் செல்லும் சாலை. டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் ஆகிய மூன்றையும் இணைக்கும் சுற்றுலா முக்கோணத்தின் ஒரு பக்கம் இது. தொலைவு சுமார் 240 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் சென்றால் நான்கு முதல் ஐந்து மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். ஆக்ராவிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் ஃபதேபூர் சிக்ரி. அதனைக் கடந்து மாநில எல்லையைத் தாண்டியதும் பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்கா. பின்னர் தௌசா மாவட்டத்தில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி, ஆபாநேரி என்னும் சிற்றூரில் சாந்த் பாவ்டி என்ற படிக்கிணறு. முதலிரண்டும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. மூன்றாவது, படம் எடுப்போரால் இப்போது உலகெங்கும் அறியப்பட்டது. பயண முகவர்கள் மூன்றையும் ஒரே நாளில் அடுக்கித் தருகின்றனர். தாளில் அது மிக அழகாகவே தோன்றும்.

தாளிலிருந்து கடிகாரத்துக்கு வருவோம். காலை எட்டு மணிக்கு ஆக்ராவில் புறப்பாடு என்று கொள்வோம். நகர நெரிசலைக் கடந்து சிக்ரியை அடைய ஒரு மணி நேரம். அங்கே வண்டியை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுச் சிறுபேருந்தில் ஏறி மேலே செல்ல வேண்டும். நுழைவுச்சீட்டு, வழிகாட்டியுடன் பேரம் இவற்றையும் சேர்த்து, அரண்மனைப் பகுதியையும் மசூதியையும் மேலோட்டமாகப் பார்த்துத் திரும்பவே இரண்டரை மணி நேரம் ஆகும். பதினொன்றரைக்குப் புறப்பட்டு நண்பகலில் பரத்பூர். பூங்காவில் மிதிரிக்‌ஷா அமர்த்திக்கொண்டு சென்று வர மூன்று மணி நேரம். உணவுக்கு முக்கால் மணி. நான்கு மணியை நெருங்கும்போது ஆபாநேரிக்குப் புறப்பாடு. சுமார் இரண்டு மணி நேரப் பயணம். திசம்பர் மாதமாயின் அதற்குள் கதிரவன் மறைந்திருப்பான். படிக்கிணற்றின் அழகு முழுவதும் படிகளின் மீது விழும் ஒளியாலும் நிழலாலும் ஆனது. இருட்டில் அங்கே காண ஒன்றுமில்லை, வாயிலும் மூடப்பட்டிருக்கும். அங்கிருந்து ஜெய்ப்பூருக்கு இன்னும் 90 கிலோமீட்டருக்கு மேல். விடுதியை அடையும்போது இரவு எட்டரையோ ஒன்பதோ ஆகிவிடும். இடையில் தேநீருக்கு நின்றதையும் கழிப்பறைக்கு நின்றதையும் இக்கணக்கில் சேர்க்கவில்லை.

இது பயணியின் கணக்கு. ஓட்டுநரின் கணக்கு இதனினும் நீளமானது. எட்டு மணிக்கு விடுதி வாயிலில் துடைத்த வண்டியுடன் நிற்பதற்கு அவர் ஆறு மணிக்கேனும் எழுந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்குப் பயணிகளை இறக்கிவிட்ட பின் அவர் நாள் முடிவதில்லை. ஒருவழி வாடகையில் வண்டி வந்திருந்தால், அவர் அன்றிரவே வெறும் வண்டியுடன் ஆக்ராவுக்குத் திரும்புகிறார். மறுநாள் காலை வேறொருவரை ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கங்கைச் சமவெளியில் திசம்பர், சனவரி மாத இரவுகளில் இறங்கும் மூடுபனியை அறிந்தவர்களுக்கு அந்தத் திரும்பும் பயணம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. அன்று அவர் 480 கிலோமீட்டர் ஓட்டியிருப்பார். பதினெட்டு, பத்தொன்பது மணி நேரம் விழித்திருந்திருப்பார். பயணியின் நினைவில் எஞ்சுவது மூன்று இடங்களும் சில நூறு படங்களும்.

‘இடையிடையே அவர் வண்டியில் ஓய்வெடுத்தாரே’ என்று சொல்வதுண்டு. காத்திருப்பு ஓய்வாகுமா என்பது இன்று நேற்று எழுந்த வினாவன்று. இந்தியச் சட்டமே அதில் தடுமாறியிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத் தொடர்வேலைக்குள் அரை மணி நேர இடைவேளை, இடைவேளைகள் உட்பட மொத்த நாள் 12 மணி நேரத்துக்கு மிகாதிருத்தல் ஆகியவற்றைப் பொது விதிகளாக வகுத்தது; நெடுந்தொலைவுப் பயணங்களுக்குச் சில தளர்வுகளையும் தந்தது. வேலை நேரம் என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறை கூர்ந்து நோக்கத்தக்கது. தொழிலாளி பிறர் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரமே வேலை நேரம் என்று தொடங்கி, முனையங்களில் 15 நிமிடத்துக்குக் குறைவாகக் காத்திருக்கும் நேரமும் அதில் அடங்கும் என்று கூறுகிறது. பதினாறாவது நிமிடத்திலிருந்து அந்தக் காத்திருப்பு என்னவாகிறது? வரையறையின் முதற்பகுதிப்படி அது வேலை. இறுதிப் பகுதிப்படி ஐயத்துக்குரியது. சிக்ரியின் நிறுத்துமிடத்தில் இரண்டரை மணி நேரமும் பரத்பூரில் மூன்று மணி நேரமும் காத்திருக்கும் ஓட்டுநர் இந்த ஐயத்தின் இடுக்கிலேயே அமர்ந்திருக்கிறார்.

அச்சட்டமும் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட போக்குவரத்துத் தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே உரியது. 2020இல் இயற்றப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய சட்டத்தொகுப்பு அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஆனால் ஒரே ஒரு காரைத் தவணையில் வாங்கித் தாமே ஓட்டுபவருக்கும், இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவரிடம் நாட்கூலிக்கு ஓட்டுபவருக்கும் எட்டு மணி நேரம் என்பது ஏட்டளவிலும் எட்டாத ஒன்று. அவர்களுடைய நாள் எப்போது முடிய வேண்டும் என்பதை நடைமுறையில் தீர்மானிப்பவர் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பயணிதான். அமைப்புசாராத் தொழிலாளர் பற்றிக் கட்டுரை வாசித்துவிட்டுத் திரும்பும் ஆய்வாளரும் அந்நேரத்தில் ஒருவருடைய வேலை நேரத்தை வகுக்கும் அதிகாரியாகவே இருக்கிறார். அவ்வதிகாரம் தமக்கு இருப்பதை அவர் உணராமலிருப்பது அதைக் குறைத்துவிடுவதில்லை.

வாடகையின் அமைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற குறைந்தபட்ச அளவு, ஓட்டுநர் பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம், மாநில எல்லை வரி, வண்டி நிறுத்தும் கட்டணம் என்று அது பிரிக்கப்படுகிறது. இவற்றில் தொலைவுக்கு விலை உண்டு. நேரத்துக்குத் தனி விலை பெரும்பாலும் இல்லை. எனவே குறைந்தபட்ச கிலோமீட்டருக்குள் அடங்கும் எந்த நிறுத்தமும் பயணிக்கு இலவசமாகத் தோன்றுகிறது. ‘வழியில்தானே இருக்கிறது’ என்னும் சொல்லின் பொருளாதார அடித்தளம் இதுவே. அது புவியியல் பற்றிய கூற்றுப்போல ஒலிக்கிறது. உண்மையில் அது கட்டண முறை பற்றிய கூற்று.

விலையிடப்படாத நேரம் வேறொரு வழியில் தன் விலையை வசூலித்துக்கொள்கிறது. ஆக்ராவின் பளிங்குப் பதிப்பு வேலைக் கடைகளும், ஜெய்ப்பூரின் கம்பள, அச்சுத்துணிக் கடைகளும், நெடுஞ்சாலையோரப் பேருணவகங்களும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் ஓட்டுநருக்குத் தரகு தருவது ஊரறிந்த செய்தி. பயணிகள் இதை ஓட்டுநரின் நேர்மைக்குறையாகப் பேசுகின்றனர். பேரம் பேசி வாடகையைக் குறைத்த பின், குறைந்த பகுதியை அவர் எங்கிருந்து ஈட்டுவார் என்ற வினாவை எழுப்புவோர் அரிது. தரகு என்பது ஊதியத்தின் ஒரு பகுதியைக் கடைக்காரரிடம் தள்ளிவிடும் ஏற்பாடு. கடைக்காரர் அதைப் பொருளின் விலையில் ஏற்றிப் பயணியிடமே திரும்பப் பெறுகிறார். இவ்வட்டத்தில் உண்மையில் இழக்கப்படுவது ஒரு மணி நேரப் பகல் வெளிச்சம். ஆபாநேரியில் இருட்டிவிடுவதற்கு அந்த ஒரு மணி நேரம் போதும்.

இனி இடங்களின் பக்கம் திரும்பலாம். அவசரமாகப் பார்க்கப்படும் இடம் குறைவாகப் பார்க்கப்படுகிறது என்பது மட்டுமன்று, தவறாகவும் பார்க்கப்படுகிறது. சிக்ரி அதற்குச் சான்று. 1571ஆம் ஆண்டளவில் அக்பர் எழுப்பத் தொடங்கிய இந்நகரம் 1585இல் அரசவை வெளியேறியதும் கைவிடப்பட்டது என்றும், தண்ணீர்ப் பஞ்சமே காரணம் என்றும் வழிகாட்டிகள் ஒரே மூச்சில் கூறி முடிப்பர். முக்கால் மணி நேரம் ஒதுக்கியவருக்கு அக்கதை போதுமானது. கூடுதலாக இரண்டு மணி நேரம் இருப்பவர் மேட்டின் விளிம்பில் நின்று, ஒருகாலத்தில் பெரிய ஏரி பரந்திருந்த தாழ்நிலத்தைக் காணலாம். கதை அவ்வளவு எளிதன்று என்பது புலப்படும். 1585இல் காபூலை ஆண்ட மிர்சா ஹக்கீம் இறந்ததும் வடமேற்கு எல்லை அரசியல் அக்பரை லாகூருக்கு ஈர்த்தது என்பதை வரலாற்றாய்வாளர்கள் வலியுறுத்துகின்றனர். ஆக்ராவில் கொள்ளைநோய் பரவிய 1619இல் சகாங்கீர் இங்கே வந்து சில மாதங்கள் தங்கியிருக்கிறார். அரசவை நீங்கிய பின்னும் ஊர் ஒழிந்துவிடவில்லை. இன்றும் மக்கள் அங்கே வாழ்கின்றனர். ‘சோதாபாய் அரண்மனை’, ‘பீர்பல் மாளிகை’ முதலிய பெயர்களுள் பல பிற்கால வழிகாட்டி மரபு சூட்டியவை. ஆண் அமைச்சர் ஒருவரின் மாளிகை என்று சொல்லப்படுவது அரண்மனையின் மகளிர் பகுதியை ஒட்டி ஏன் அமைந்திருக்கிறது என்ற ஐயம், நின்று நோக்குபவருக்கு மட்டுமே எழும்.

கேவலாதேவும் இத்தகையதே. அவசரப் பார்வைக்கு அது பறவைகள் நிறைந்த இயற்கைச் சதுப்பு நிலம். உண்மையில் அது மனிதர் நீர் தேக்கி உருவாக்கிய நிலம். அஜான் அணையின் நீரைக் கொண்டு பரத்பூர் அரசர்கள் வாத்து வேட்டைக்காக வளர்த்த இடம். 1981இல் ராம்சர் பட்டியலிலும் 1985இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. இடையில் 1982இல், தலைமுறைகளாக அங்கே எருமை மேய்த்த ஊர் மக்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதனால் எழுந்த மோதல் துப்பாக்கிச் சூட்டிலும் உயிரிழப்பிலும் முடிந்தது. மேய்ச்சல் நின்றதும் நீர்ப்புல் மண்டி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்கு நன்மை செய்ய விதித்த தடை பறவைகளுக்கே இடையூறாயிற்று. சூழலியல் மாணவர்கள் பாடத்தில் படிக்கும் இந்நிகழ்வை அங்குள்ள ரிக்‌ஷாக்காரர்களிடம் கேட்டறிய முடியும். பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாகப் பணிபுரியும் அவர்கள் பறவைகளை இனம் பிரித்துக் காட்டுவதிலும் தேர்ந்தவர்கள். ஆனால் அதற்கு அதிகாலையில் செல்ல வேண்டும்; பேசுவதற்கு நேரம் வேண்டும். நண்பகலில் ஒரு மணி நேரம் உள்ளே சென்று திரும்புபவருக்கு அது மரங்கள் அடர்ந்த ஒரு சாலை மட்டுமே.

ஆகவே மூன்று இடங்களும் உண்மையில் ஒரே நாளுக்கு உரியவையல்ல. ஒன்றுக்கு அரை நாள் வேண்டும். மற்றொன்றுக்கு ஒரு விடியல் வேண்டும். சாந்த் பாவ்டி மட்டும் இவற்றினின்று வேறுபட்டது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அப்படிக்கிணறு, 13 அடுக்குகளில் சுமார் 3,500 படிகளுடன் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழம் இறங்குகிறது. மூன்று பக்கம் படிகள். நான்காம் பக்கம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட மண்டபங்கள். படிகளில் இறங்க இப்போது அனுமதியில்லை. மேலிருந்து சுற்றிவந்து காண வேண்டும். சுற்று நடையில் வரிசையாக வைக்கப்பட்டுள்ள சிற்பங்களையும், பக்கத்தில் சிதைந்தும் மீளக் கட்டப்பட்டும் நிற்கும் ஹர்ஷத் மாதா கோயிலையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் நிறைவாகப் பார்த்துவிடலாம். பயணத்தின் இடையே ஒரு நிறுத்தத்துக்கு ஏற்ற இடம் இதுவே. சிக்ரியில் காலையைச் செலவிட்டு, பரத்பூரை விட்டுவிட்டு, பிற்பகல் மூன்றரை மணியளவில் ஆபாநேரி, அந்தி சாயும் வேளையில் ஜெய்ப்பூர் என்று அமைத்தால் நாள் மூச்சுவிடும். நீரை முன்னிட்டுச் சிந்திப்போருக்கு அதுவே ஒரு பாடத்திட்டமாகவும் அமையும்: காலையில் ஏரியை நம்பிய நகரம், மாலையில் நிலத்தடி நீரை நம்பிய கிணறு. பட்டியலுக்குப் பதில் ஒரு வினாவைக் கையில் வைத்துக்கொண்டால் எதை விடுவது என்பது எளிதில் விளங்கும்.

விட்டுவிடுவது இழப்பாகத் தோன்றுவதற்குக் காரணம், சாலையையே நாம் பார்க்காததுதான். புகைவண்டிப் பயணம் பற்றிய தம் நூலில் வோல்ப்காங் சிவல்புஷ், வேகம் மனிதரின் பார்வையை எவ்வாறு மாற்றியது என்பதை விளக்கினார். அருகிலுள்ளவை மங்கி, தொலைவிலுள்ளவை மட்டும் ஓடும் காட்சியாக எஞ்சின. நெடுஞ்சாலைக் காரில் அவ்வோடும் காட்சியும் இல்லை. பயணி அடுத்த இடத்தின் படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். இச்சாலையோ பார்க்கத்தக்கது. மகன் பிறந்தால் கால்நடையாக அஜ்மீர் வருவதாக நேர்ந்துகொண்ட அக்பர், 1570இல் ஆக்ராவிலிருந்து இத்திசையில்தான் நடந்து சென்றார். ஆக்ரா–அஜ்மீர் வழியில் ஒவ்வொரு கோஸ் தொலைவுக்கும் தூண் நாட்டப்பட்டதைப் பதாவுனி குறிப்பிடுகிறார். அத்தூண்களில் சில சிக்ரியைச் சுற்றி இன்னும் நிற்கின்றன. நடைப்பயணத்திலும் குதிரைப் பயணத்திலும் ஒரு நாளின் தொலைவை உடல் தீர்மானித்தது. மனிதரும் விலங்கும் எவ்வளவு தாங்குமோ அதுவே ஒரு கட்டம். அக்கட்டத்தின் முடிவில் சராய் என்னும் வழிப்போக்கர் விடுதி இருந்தது. மோட்டார் வண்டி அவ்வெல்லையை நீக்கியது. எஞ்சினுக்கு எல்லை நீங்கியதால் அதை இயக்கும் உடலுக்கும் எல்லை நீங்கிவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டோம்.

சாலை காட்டும் இன்றைய காட்சியும் ஒன்று உண்டு. ஆபாநேரிக்குத் திரும்பும் இடமான சிக்கந்தரா, ஆக்ராவை ஒட்டி அக்பரின் கல்லறை அமைந்துள்ள சிக்கந்தராவினின்று வேறானது. இங்கே நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மணற்கல் சிலைகளும் சாளரப் பலகைகளும் மண்டபத் தூண்களும் அடுக்கப்பட்டிருக்கும். மின் அறுவைக் கருவிகள் எழுப்பும் வெண்தூசி கடைகளின் மீது படிந்திருக்கும். அத்தூசியைச் சுவாசிப்பதால் உண்டாகும் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இப்பகுதிக் கல்தச்சர்களிடம் பரவலாக உள்ளது. இத்தகைய நோயாளிகளுக்கு உதவ ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கை வகுத்தது. ஆயிரமாண்டுக்கு முந்தைய கல் வேலையைக் காண விரைபவர்கள், அதே கைத்தொழிலின் இன்றைய விலையைக் கண்ணாடிக்கு வெளியே கடந்து செல்கின்றனர். இங்கே இறங்கிப் படமெடுக்க வேண்டும் என்பதன்று கருத்து. நோயைக் காட்சியாக்குவது அதனினும் கீழான செயல். சாலை வெற்றிடமன்று, இரண்டு காட்சிகளுக்கு நடுவிலும் வாழ்க்கை நடக்கிறது என்பதை உணர வண்டியின் வேகமும் மனத்தின் வேகமும் சற்றே குறைந்தால் போதும்.

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, மீண்டும் வருவோமா என்பது ஐயமே. ஆகவே வந்தபோதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது. தென்கோடியிலிருந்து ஆண்டுக்கொரு முறை கூட வர இயலாதவர்களுக்கும், முதுமையில் முதன்முறையாக ஊரைவிட்டுப் புறப்பட்டவர்களுக்கும் இது உண்மையான கவலை. அவர்களை எள்ளி நகையாடும் உரிமை, விடுதிகளில் தங்கி நிதானமாக ஊர் சுற்ற வசதியுள்ள எவருக்கும் இல்லை. ஆயினும் முதியவர்களை அழைத்துச் செல்வோரே நிறுத்தங்களைக் குறைக்க வேண்டியவர்கள். சிக்ரியின் படிகளையும் செம்மணற்கல் முற்றத்தின் வெயிலையும் கடந்து வந்த முழங்கால்களுக்கு அடுத்த இரண்டு இடங்கள் பரிசல்ல, தண்டனை. அவர்களுள் பலர் பரத்பூரில் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார்கள்.

இரண்டாவது மறுப்பு செலவு பற்றியது. பரத்பூரில் ஓர் இரவு தங்கலாம் என்பது சொல்வதற்கு எளிது. அறை வாடகையும் இரண்டாம் நாள் கார் வாடகையும் யார் தருவது? உதவித்தொகையில் வாழும் ஆய்வு மாணவருக்கு இது விளையாட்டன்று. பயணப்படி விதிகளும் குறுகிய வழிக்கே கட்டணம் தருகின்றன. இதற்கு விடை இன்னொரு நாளைச் சேர்ப்பதன்று. இருக்கும் நாளிலிருந்து ஓர் இடத்தைக் கழிப்பதே. கழிப்பதற்குச் செலவில்லை. உண்மையில் பூங்காவின் நுழைவுக்கட்டணமும் ரிக்‌ஷா வாடகையும் மிஞ்சும். அதை ஓட்டுநரின் இரவுத் தங்கலுக்குத் தந்தால் கணக்கு ஏறத்தாழச் சமமாகும்.

மூன்றாவது மறுப்பு வலிமையானது: ஓட்டுநரே இவ்வேலையை விரும்புகிறார், நிறுத்தங்கள் குறைந்தால் அவர் வருவாயும் குறையும், அவர் பேரால் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் குற்றவுணர்வு மட்டுமே. இதில் உண்மை உண்டு. வேலை கிடைக்காத நாளைவிடப் பதினெட்டு மணி நேர நாள் அவருக்கு மேலானதாகவே இருக்கும். ஆனால் இங்கே கோரப்படுவது அவருடைய வேலையைக் குறைப்பதன்று. அதே வாடகையில் நேரத்தைக் குறைப்பதும், இரவு திரும்பும் பயணத்தை மறுநாள் காலைக்கு மாற்றத் தங்குசெலவை வெளிப்படையாகத் தருவதும், கடைத் தரகின் இடத்தைப் பேட்டாவால் நிரப்புவதும்தான். மேலும் இது அவரது நலம் மட்டும் பற்றியதன்று. இரவு எட்டு மணிக்கு லாரிகள் நிறைந்த நெடுஞ்சாலையில் அவர் கண்ணயர்ந்தால் வண்டியில் இருப்போர் அனைவரும் அதில் பங்காளிகள்.

அரசுகளும் இதில் செய்யக்கூடியது உண்டு. விருந்தினரை ஏற்றிவரும் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடமும் கழிப்பறையும் விடுதிகளில் அமைக்கப்பட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியது. வண்டிக்குள் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு இரவைக் கழிப்பதே ஓட்டுநரின் தலைவிதி என்ற எண்ணத்தை ஒரு கட்டட விதி மறுத்தது சிறிய செய்தியன்று. சுற்றுலாவையே பெருந்தொழிலாகக் கொண்ட மாநிலங்கள் அனைத்தும் பின்பற்றத்தக்க விதி இது. பல்கலைக்கழகங்களும் இதிலிருந்து கற்கலாம். கருத்தரங்க விருந்தினரை வழியனுப்பும்போது ‘போகிற வழியில் இதையும் காட்டிவிடுங்கள்’ என்று ஓட்டுநரிடம் சொல்லும் வரவேற்புக் குழு, அவர் திரும்பும் நேரத்தையும் உணவையும் தங்குமிடத்தையும் அதே தாளில் எழுத வேண்டும்.

சட்டமும் விதியும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத செயல்கள் சில உள்ளன. நாளின் நீளத்தைப் பயணி ஏறும் நேரத்திலிருந்து அளவிடாமல், ஓட்டுநர் எழும் நேரத்திலிருந்து அவர் உறங்கும் நேரம்வரை அளவிட வேண்டும். அது பதினான்கு மணி நேரத்தைத் தாண்டினால் ஓர் இடத்தை நீக்கிவிட வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், ஒரு சிறிய நிறுத்தம் என்பதே அளவு. கடைகளில் நிற்க வேண்டாம் என்பதை முன்னரே சொல்லி, அதற்கீடான தொகையையும் முன்னரே பேசிவிட வேண்டும். நண்பகல் உணவுக்கு நிற்கும் இடத்தை ஓட்டுநரே தேர்ந்தெடுக்கட்டும். அங்கே அவருக்கும் அரை மணி நேரம் உட்கார்ந்து உண்ண வாய்ப்பிருக்க வேண்டும். இருட்டுவதற்குள் ஊர் சேர்வது விருப்பமாக அன்றி விதியாக இருக்க வேண்டும். வண்டியை உறுதிசெய்யும் தொலைபேசி அழைப்பில் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்ட பின், இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடலாம்: எங்களை இறக்கிவிட்ட பின் ஓட்டுநர் இரவு எங்கே தங்குவார்? மறுமுனையில் இருப்பவரிடம் அதற்கு விடை இல்லையெனில், அன்றைய பட்டியல் இன்னும் நீளமாகவே இருக்கிறது.